சுருக்கில் எது மிஞ்சும்? வேலைப்பாட்டுத் துணிக்கேற்ற ஷிமீஸ்

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய உடை தைக்க ஆசைப்படுகிறவர்கள் பலருக்கு முதலில் அமைவது துணிதான். வெள்ளை மல்லில் கறுப்புப் பூக்கொடி ஓடும் துணி, ஓரத்தில் ஜரிகைக் கரை பிடித்த துணி, துளைத் துளையாக வேலை செய்த ஹக்கோபா என்று ஏதோ ஒன்று கடையில் கண்ணில் பட்டு, நாலைந்து மீட்டர் வாங்கியாகிவிடும். இதில் எந்த ஊர் ஷிமீஸ், அதாவது உள்சட்டை, தைக்கலாம் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழும். அந்தக் காலத்தில் வரிசை வேறாக இருந்தது. உள்சட்டைகளைப் பெரும்பாலும் பெண்களே தைத்தார்கள். வெற்று வெள்ளை லினனை வெட்டி, வேலைப்பாட்டை வேண்டிய இடத்தில் மட்டும் ஊசியால் போட்டார்கள். இன்று வேலைப்பாடு துணி முழுக்கப் பரவியே விற்பனைக்கு வருகிறது. அதை எங்கே காட்டுவது, எங்கே மறைப்பது என்று முடிவு செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பட்டும் வெல்வெட்டும் தண்ணீரில் போட முடியாதவை. வியர்வையை வாங்கிக்கொண்டு, அடிக்கடி துவைபட்டு, விலையுயர்ந்த மேலுடையைக் காத்தது ஷிமீஸ்தான். இத்தாலியர் அதைக் கமீச்சா என்றார்கள், ஜெர்மானியருக்கு ஹெம்ட், இங்கிலாந்தில் பெண்கள் அணிந்தது ஸ்மாக். ஆண்களின் சட்டையும் ஏறக்குறைய இதே வெட்டுதான். முழு உடலையும் மூடிய இந்த உடை வெளியே தெரிந்த இடங்களோ மிகக் குறைவு: கழுத்து, மணிக்கட்டு, மேலுடைக் கையில் விட்ட பிளவுகள்.

கிர்லாண்டாயோ வரைந்த ஜொவான்னா தொர்னாபுவோனியின் உருவப்படத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1488 என்று ஆண்டு குறிக்கப்பட்ட அந்தப் புளோரன்ஸ் ஓவியம் இப்போது மத்ரித் நகரின் தீசன்-போர்னமிசா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலுடைக் கையின் பிளவுகளில் வெள்ளைத் துணி சின்னச் சின்னக் குமிழ்களாகப் பிதுங்கி நிற்கிறது. அந்தக் குமிழில் எந்தப் பூவும் எடுபடாது. வெண்மையும் மென்மையும் மட்டுமே தெரியும். இந்த மாதிரி மேலுடைக்கு வேலைப்பாட்டுத் துணியில் ஷிமீஸ் தைத்தால் துணியும் வீண், உழைப்பும் வீண்.

ஆகவே கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். துணியின் ஒரு மூலையில் 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டு வரிசை ஓட்டுத் தையல் போட வேண்டும். தையல் ஒவ்வொன்றும் 5 மில்லிமீட்டர். இரண்டு வரிசைக்கும் இடையிலும் அதே 5 மில்லிமீட்டர். மேல் வரிசையில் ஊசி இறங்கிய இடத்துக்கு நேர் கீழேயே கீழ் வரிசையிலும் இறங்க வேண்டும். இரண்டு நூல்களையும் சேர்த்து இழுத்து 30 சென்டிமீட்டரை 10 சென்டிமீட்டராகச் சுருக்கி, கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் வைத்துப் பார்க்க வேண்டும். பட்டுப் புடவையின் புட்டா கொசுவத்துக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இங்கே நடப்பது புரிந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு மடிப்புக்குள் போய்விடும். 6 சென்டிமீட்டர் அகலப் பூவில் 2 சென்டிமீட்டர்தான் வெளியே நிற்கும். ஒரு இதழின் பாதி, ஒரு தண்டின் நுனி என்று அரைகுறையாக.

அதே துண்டைத் தளர்த்தி 15 சென்டிமீட்டர் ஆக்கியும் பார்க்கலாம். இந்த இரண்டு பார்வையிலும் துணி தன் இயல்பைக் காட்டிவிடும். வேலைப்பாடு கரைந்து, தூரத்தில் மெல்லிய மினுக்கமாகவோ நிழலாகவோ தெரிந்தால் அது சுருக்கைத் தாங்கும் துணி. இத்தாலிய வெட்டுக்குப் போகலாம். பூ உடைந்து அலங்கோலமாகத் தெரிந்தால் தட்டையாகத் தைக்கும் ஆங்கில வெட்டுக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டும். நூலே இழுபடாமல், மடிப்புகள் விறைத்து முட்டிக்கொண்டு நின்றால் கழுத்துப் பட்டிக்கும் மணிக்கட்டுப் பட்டிக்கும் மட்டுமே அது உதவும்.

முதலில் இத்தாலி. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 16-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலும் அங்கே வழங்கிய கமீச்சாவின் அழகெல்லாம் துணியின் தாராளத்தில் இருக்கிறது. டிஷியன் 1515-17 வாக்கில் வரைந்த ஃபுளோரா, புளோரன்ஸின் உஃபீசி கூடத்தில் இருக்கிறாள். தோளிலிருந்து நழுவும் வெள்ளைக் கமீச்சா, கழுத்தோரத்தில் நெருக்கமான சுருக்குகளாகத் தொடங்கி மார்பின் மேல் விரிந்து விழுகிறது. பூவேலை எல்லாம் அவள் கையில் பிடித்திருக்கும் இளஞ்சிவப்பு மேலாடையில்தான். ரஃபேல் 1510-களில் வரைந்த முக்காடு அணிந்த பெண்ணின் ஓவியத்திலும், பிரம்மாண்டமான பட்டுக் கைக்குப் பக்கத்தில் மார்பின் மேல் கமீச்சாவின் நுண்ணிய சுருக்கு அமைதியாக நிற்கிறது. எது பேச வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு ஓவியர்களும் துல்லியமாக அறிந்திருந்தார்கள். தைப்பவர்கள் இந்த இரண்டையும் பெரிதாக்கி அச்செடுத்து வெட்டு மேசைக்கு எதிரே மாட்டி வைப்பது நல்லது.

இந்த வெட்டில் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் ஆகிய நான்கு செவ்வகங்களின் மேல் ஓரங்களும் சேர்ந்து ஒரே கழுத்துப் பட்டிக்குள் சுருங்கும். முன்னும் பின்னும் 80 சென்டிமீட்டர், கை ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் என்று வைத்தால் மொத்தம் 280. அகன்ற கழுத்துக்கான பட்டி 70. அதாவது நான்குக்கு ஒன்று. சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள மெல்லிய லினனோ, அதைவிட லேசான மல்லோ இதைத் தாங்கும். எம்பிராய்டரி போட்ட துணி தாங்காது. அதற்கு முன்னும் பின்னும் 55, கைகள் 40 என்று குறைத்தால் மொத்தம் 190 ஆகும். பட்டியை 75 ஆக்கினால் இரண்டரைக்கு ஒன்று என்ற அளவில் சுருக்கு அமையும். இடுப்புக்குக் கீழே போதாத அகலத்தைப் பக்கவாட்டில் முக்கோணத் துண்டு வைத்து ஈடுகட்டலாம். அந்தக் காலத்து உடைகளிலும் அதே முறைதான்.

வெள்ளையிலேயே வெள்ளைக் கோடு நெய்த துணி, கடுகளவு புட்டா போட்ட வாயில், மெல்லிய ஜரிகைக் கோடு ஓடும் மல் ஆகிய மூன்றும் இத்தாலிய வெட்டுக்குப் பொருந்தும். கோடுகள் எல்லாத் துண்டுகளிலும் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். கையை மட்டும் குறுக்கே வெட்டினால் துணி மிச்சமாகலாம். ஆனால் தோளில் கோடுகள் மோதிக்கொண்டு நிற்பது முதல் பார்வையிலேயே தெரியும். ஜரிகைக்கு இன்னொரு கவனம் தேவை. சுருக்கில் நெருங்கிய ஜரிகை கழுத்தை அறுக்கும். பட்டியின் உள்பக்கத்துக்கு வெற்று லினன் வைத்துத் தைத்தால் அந்தத் தொந்தரவு இருக்காது.

வெள்ளையில் கறுப்பு வேலை என்றால் இடம் இங்கிலாந்து. மாதிரி வடிவங்கள் இதில்தான் கொட்டிக் கிடக்கின்றன. தவறிப்போவதும் இதில்தான் அதிகம். ஸ்பானிய இளவரசி அரகானின் கேதரீன் 1501-இல் இங்கிலாந்து வந்தபோது இந்த வேலையை ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்தார் என்று சொல்வதுண்டு. ஸ்பானிய வேலை என்றே அதற்குப் பெயரும் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சாசரின் கேன்டர்பரி கதைகளில் வரும் தச்சனின் இளம் மனைவி, கழுத்தைச் சுற்றிக் கரிய பட்டு நூலால் வேலை செய்த ஸ்மாக் அணிந்திருக்கிறாள். வேலை ஏற்கெனவே அங்கே இருந்தது. கேதரீனோடு அதன் மவுசு கூடியது என்று கொள்வதே நியாயம்.

கறுப்பு வேலைத் துணியை வாங்கியவர் பூவின் வடிவத்தைப் பார்த்தே பத்தாண்டைக் கண்டுகொள்ளலாம். நேர்க்கோடுகளும் சாய்கோடுகளும் கூடிய சிறு கணக்கு வடிவங்கள் என்றால் எட்டாம் ஹென்றியின் காலம். ஹோல்பைன் 1536-இல் வரைந்து இப்போது வியன்னாவில் இருக்கும், ஹென்றியின் மனைவி ஜேன் சீமோரின் உருவப்படத்தில், மணிக்கட்டில் விரியும் வெள்ளைக் கஃப்பில் இந்த வேலை இழை இழையாகத் தெரிகிறது. சுருண்டு சுருண்டு ஓடும் கொடி, அதில் ரோஜாவும் திராட்சையும், இலைகளுக்குள் நுணுக்கமான நிரப்பு வடிவங்கள் என்றால் எலிசபெத் அரசியின் பிற்காலம். ஜார்ஜ் கவர் 1580-85 வாக்கில் வரைந்த மேரி கார்ன்வாலிஸின் உருவப்படம் மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. உப்பிய பெரிய வெள்ளைக் கைகள் முழுக்கக் கறுப்புக் கொடி படர்ந்திருக்கும் அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டால், கொடி ஓடும் துணியை வைத்து என்ன செய்வது என்ற சந்தேகமே வராது. அகன்ற கை, மணிக்கட்டில் மட்டும் சுருக்கு, நடுவில் துணி தட்டையாக விரிந்து நிற்க வேண்டும். அப்போதுதான் கொடி ஓடி வருவது தெரியும். அக்காலத்தில் இத்தகைய கைகளைத் தனியாகத் தைத்து உடையோடு பிணைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. துணி இரண்டு மீட்டருக்கு மேல் கிடைக்காதவர்களுக்கு இது பெரிய வசதி: கைகளை மட்டும் வேலைப்பாட்டுத் துணியில் தைத்து, உடம்பை வெற்று லினனில் முடித்துக்கொள்ளலாம்.

ஜேன் சீமோரின் கஃப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. மணிக்கட்டில் கஃப் விரிந்து மடங்கும்போது துணியின் உள்புறமும் வெளியே தெரியும். அதற்காகவே அந்த வேலையை இரட்டை ஓட்டுத் தையலில் போட்டார்கள். ஒரு முறை ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது விட்டுப்போன இடைவெளிகளை நிரப்பினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வடிவம் கிடைக்கும். ஹோல்பைனின் ஓவியங்களில் அடிக்கடி வருவதாலேயே இந்தத் தையலுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். இயந்திர எம்பிராய்டரியின் பின்பக்கம் அப்படி இருக்காது; வெள்ளை நூல் முடிச்சும் தாள் பிசிறுமாக இருக்கும். ஆகவே கடையில் வாங்கிய கறுப்பு வேலைத் துணியில் விரியும் கஃப் தைக்கக் கூடாது. மணிக்கட்டில் மூடிய பட்டி வைத்து நாடாவால் கட்டும் வடிவமே அதற்குச் சரி. விரியும் கஃப்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், அந்த இரண்டு சாண் துணிக்கு மட்டும் கையால் வேலை செய்வது வீண் போகாது. எண்ணி எண்ணிப் போடும் தையல் என்பதால், பாவும் ஊடையும் சம அளவில் நெய்த லினன் வாங்க வேண்டும்.

ஓரத்தில் மட்டும் வேலைப்பாடு உள்ள கரைத் துணிக்கு ஜெர்மானிய ஓவியர் டியூரர் வழி காட்டுகிறார். மத்ரித் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ள 1498-ஆம் ஆண்டுத் தன்னுருவ ஓவியத்தில் அவர் அணிந்திருக்கும் வெள்ளைச் சட்டையில் நெருக்கமான சன்ன மடிப்புகள் இறங்குகின்றன. அவற்றை மேலே பிடித்திருப்பது பொன்னிற வேலை செய்த கழுத்துப் பட்டி. கரைத் துணி வைத்திருப்பவர் செய்ய வேண்டியது அதேதான். கரையைத் துணியிலிருந்து வெட்டிப் பிரித்து, அதைச் சுருக்காமல் பட்டியாக்கி, மீதமுள்ள வெற்றுப் பகுதியை அதற்குள் மடித்துத் தைக்க வேண்டும். கரையோடு சேர்த்துச் சுருக்கினால் கரையின் அழகும் போகும், சுருக்கின் அழகும் போகும். கரையைக் கீழ் ஓரத்தில் விட்டுவிடுவதும் சரியல்ல. ஷிமீஸின் கீழ் ஓரத்தைப் பாவாடை மறைத்துவிடும்.

கோடு போட்ட துணியில் ஜெர்மானியப் பாணி மடிப்பு வைப்பவர்களுக்கு ஓர் அருமையான வாய்ப்பு உண்டு. கோடுகள் சம இடைவெளியில் இருந்தால், அளவெடுத்துப் புள்ளி வைக்க வேண்டியதில்லை, கோடே புள்ளி. ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் ஊசியால் ஒரு சிறு கடி எடுத்து, ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கைந்து வரிசை ஓட்டி இழுத்தால், ஊசி நல்ல பக்கத்திலிருந்து கடித்திருந்தால் கோடுகள் எல்லாம் மடிப்பின் முகட்டுக்கு வந்து நிற்கும். கழுத்து முழுக்க நிறம் திரண்டு, கீழே மடிப்பு விரியும் இடத்தில் வெள்ளை பிரியத் தொடங்கும். கோடுகளுக்கு நடுவிலுள்ள வெள்ளையில் கடி எடுத்தால் இதற்கு நேர் எதிர்: கழுத்து வெண்மையாக இருந்து, கீழே இறங்க இறங்க நிறம் வெளிப்படும். ஒரே துணி, இரண்டு சட்டைகள் போல் தெரியும். மடிப்பு முகடுகளைப் பிணைத்து மேலே தேன்கூடு மாதிரி ஸ்மாக்கிங் தையல் போட்டால் நூலை உருவிய பிறகும் மடிப்பு கலையாது.

ஹக்கோபாவைப் பார்த்ததும் பலருக்கு வெனிஸ் ஞாபகம் வரும். துணியில் சதுரங்களை வெட்டி எடுத்து, வெற்றிடத்தில் நூலால் வலை பின்னும் வேலை 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியில் உச்சத்தில் இருந்தது உண்மை. வெனிஸைச் சேர்ந்த ஃபெதரிகோ வின்சியோலோவின் மாதிரிப் புத்தகம் 1587-இல் பாரிஸில் அச்சாகி, பல பதிப்புகள் கண்டது. ஆனால் அந்த வலை வேலை காலரிலும் கஃப்பிலும், துண்டுகளை இணைக்கும் தையல் ஓரங்களிலும்தான் வந்தது. முழு உடம்பையும் ஹக்கோபாவில் தைத்தால் அது 20-ஆம் நூற்றாண்டின் பிளவுஸாகிவிடும். ஹக்கோபாவை மூன்று விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, வெற்று லினன் துண்டுகளுக்கு நடுவே, கையின் நீளவாட்டில் ஒன்றும் தோள்பட்டையில் ஒன்றுமாக வைத்துத் தைக்கலாம். வட்டத் துளையும் பூவுமான வடிவத்தைத் தவிர்த்து, சதுரமும் நட்சத்திரமுமான வடிவம் கிடைத்தால் அந்தக் காலத்துக்கு இன்னும் நெருக்கமாக வரும்.

பல நிறப் பூக்கள், பறவைகள், பொன் நூலில் சுருளும் தண்டுகள் என்று வெள்ளைத் தரையில் வேலை செய்த துணி கிடைத்தால், அதை ஷிமீஸுக்குத் தொடவே வேண்டாம். அது ஜாக்கெட் துணி. லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மார்கரெட் லேட்டனின் ஜாக்கெட் இருக்கிறது. 1610-15 வாக்கில் தைத்தது. அதை அவர் அணிந்திருக்கும் உருவப்படமும் அங்கேயே இருக்கிறது. உடையும் அதை அணிந்தவரின் படமும் சேர்ந்து பிழைத்திருப்பது மிக அபூர்வம். பல நிற எம்பிராய்டரித் துணிக்கு அதுவே சரியான முன்மாதிரி. உள்ளே வெற்று வெள்ளை ஷிமீஸ் போதும். கனத்த ஜரிகைத் துணிக்கும் புடைப்பு வெல்வெட்டுக்கும் இதே கணக்குதான். பிரான்சினோ 1545 வாக்கில் வரைந்த எலெயனோரா தி தொலேதோவின் உடையில், பெரிய மாதுளை வடிவமும் கறுப்புச் சுருள்களும் மார்பை நிறைத்து நிற்கின்றன. கையின் பிளவுகளில் பிதுங்கும் வெள்ளைக்கு அங்கே எந்த வேலைப்பாடும் தேவைப்படவில்லை.

வடிவம் முடிவான பிறகு துணியின் நார் எது என்று பார்த்துவிட வேண்டும். ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்றும் ஊடை நூல் ஒன்றும் உருவி, தனித்தனியாகத் தீயில் காட்டினால் போதும். லினனும் பருத்தியும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகி, கறுப்பு மணியாக இறுகும். பாலியெஸ்டரில் தைத்த ஷிமீஸை மேலுடைக்குள் அணிந்து மேடை விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் நிற்பது பெரும் அவதி. வியர்வையை வாங்கத்தான் இந்த உடையே இருக்கிறது. தரைத் துணி பருத்தியாக இருந்து எம்பிராய்டரி நூல் மட்டும் செயற்கையாக இருந்தால் பாதகமில்லை.

கறுப்பு, சிவப்பு நூல் வேலை என்றால் சாயம் போகிறதா என்று பார்ப்பது கட்டாயம். ஈரமான வெள்ளைத் துணியை வேலைப்பாட்டின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், சாயம் போகும் துணி உடனே கறை விடும். கறை விட்டால், அதை அடிக்கடி துவைக்க வேண்டாத காலருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் காலரையும் கழற்றி மாட்டும்படி நாடா வைத்துத் தைக்கலாம். சாயம் நிற்கும் துணியை, பிற்காலத்தில் எப்படித் துவைக்கப் போகிறோமோ அப்படியே, வெட்டும் முன் ஒரு முறை துவைத்து உலர்த்த வேண்டும். லினன் முதல் சலவையில் கண்ணுக்குத் தெரியச் சுருங்கும். எம்பிராய்டரி நூல் அதே அளவுக்குச் சுருங்காவிட்டால் பூவைச் சுற்றித் துணி புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு தைப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டால், நீவி இஸ்திரி போட்டுச் சரிசெய்யவோ, அந்தப் பகுதியை ஒதுக்கவோ முடியும்.

ஷிமீஸின் துண்டுகள் எல்லாம் செவ்வகம், முக்கோணம், சதுரம். வளைவு வெட்டு அநேகமாக இல்லை. துணியை வீணாக்காமல் இருக்க அன்று கண்ட இந்த வழி, வேலைப்பாட்டுத் துணிக்கும் பெரிய உதவி. நேர் நூல் பார்த்து வெட்டினால் பூ வரிசை எங்கும் சாயாது. 110 சென்டிமீட்டர் அகலத் துணியில் ஒரு பெண்ணுக்கு முழு நீள ஷிமீஸ் தைக்க நாலரை மீட்டர் வைத்துக்கொள்ளலாம். வெட்டும்போது முதலில் இரண்டு கைகளையும் அருகருகே வரைய வேண்டும். கொடியோ பூவோ இரண்டிலும் ஒரே உயரத்தில் தொடங்க வேண்டும், இரண்டிலும் மேல்நோக்கியே வளர வேண்டும். அடுத்து கழுத்துப் பட்டியும் மணிக்கட்டுப் பட்டிகளும். முன்பக்கமும் பின்பக்கமும் அதற்குப் பிறகு. அக்குளுக்கான 12 சென்டிமீட்டர் சதுரங்களையும் பக்கவாட்டு முக்கோணங்களையும் வேலைப்பாட்டுத் துணியில் எடுக்கவே வேண்டாம். அதிகம் உரசி முதலில் கிழிவது அக்குள்தான். பின்பக்க நூல் முடிச்சு தோலில் அதிகம் குத்துவதும் அங்கேதான். அந்தத் துண்டுகளை, துவைத்து மென்மையான வெற்று லினனில் வெட்டி வைத்தால், பின்னாளில் கிழிந்தாலும் பூவைத் தொடாமல் மாற்றிவிடலாம்.